கேட்டால் புரிகிறது, வாய் வரவில்லை

கேள்வி: ஒரு தனியார் மருத்துவமனையில் ஐசியூ ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். ஜெர்மனி போக வேண்டும் என்று இரண்டு வருடமாக ஜெர்மன் படிக்கிறேன். பி1 வரை திருநெல்வேலியில் வகுப்புக்குப் போனேன். அதன் பிறகு டியூட்டி நேரம் ஒத்துவராததால் எல்லாம் போனில்தான். செயலியில் ஒரு நாள் விடாமல் பாடம் செய்கிறேன். யூடியூபில் ஜெர்மன் வீடியோ பார்க்கிறேன். நைட் டியூட்டி முடிந்து பஸ்ஸில் வரும்போது ஜெர்மன் செய்தி கேட்கிறேன். போன தடவை சென்னையில் கோத்தே பி2 தேர்வு எழுதினேன். வாசித்தல் 83, கேட்டல் 77, எழுதுதல் 64. பேசுதலில் மட்டும் 47.

தேர்வுக்கு முன்னால் ஒரு ஜெர்மன் மருத்துவமனையோடு வீடியோவில் இன்டர்வியூ நடந்தது. இன்டர்வியூ எடுத்த அம்மா கேட்டது எல்லாமே எனக்குப் புரிந்தது. பதில் மனதுக்குள் தமிழில் இருந்தது, ஆங்கிலத்தில்கூட இருந்தது, ஜெர்மனில் வரவில்லை. "யா, யா" என்று தலையாட்டிக்கொண்டே இருந்தேன். "பிறகு தொடர்புகொள்கிறோம்" என்று முடித்துவிட்டார்கள். என் அண்ணன், "போனை நோண்டிக்கொண்டிருந்தால் மொழி வருமா? வேலையை விட்டுவிட்டு சென்னையில் தங்கி வகுப்புக்குப் போ" என்கிறார். வெளிநாட்டுக்காரர்களோடு பேசிப் பழகும் செயலிகள் இருப்பதாகச் சொல்கிறார்கள். முன்பின் தெரியாதவர்களோடு பேச வீட்டில் சம்மதிக்க மாட்டார்கள், எனக்கும் பயமாக இருக்கிறது. போன் வழியாக ஒரு மொழியைப் பேசக் கற்றுக்கொள்ள முடியுமா, முடியாதா?

- பெயர் வேண்டாம், தென்காசி மாவட்டம்

பதில்: அன்புச் சகோதரிக்கு,

முடியும். வேலையை விட வேண்டாம். பி2 தேர்வின் நான்கு பகுதிகளும் தனித்தனி. மூன்றில் தேர்ச்சிக்கான 60ஐத் தாண்டிவிட்டீர்கள், பேசுதலை மட்டும் திரும்ப எழுதினால் போதும். இதை உங்கள் அண்ணனிடம் முதலில் சொல்லுங்கள்.

இனி, ஏன் 47 என்பதைப் பார்ப்போம். இந்த இரண்டு வருடத்தில் நீங்கள் காதால் கேட்ட ஜெர்மன் ஏராளம். ஆனால் நீங்கள் ஜெர்மனில் ஒன்றைச் சொல்லி, அது எதிரில் இருப்பவருக்குப் புரியாமல் போய், அவர் திருப்பிக் கேட்டு, நீங்கள் மாற்றிச் சொன்ன சந்தர்ப்பம் எத்தனை? உங்கள் கடிதத்தில் அப்படி ஒன்றுகூட இல்லை. வகுப்பை விட்ட பிறகு ஒரு ஜெர்மானியர் உங்களிடம் நேராகக் கேள்வி கேட்டது அந்த இன்டர்வியூவில்தான். அதுவே வேலைக்கான இன்டர்வியூவாகவும் அமைந்துவிட்டது. வாய் அடைத்துப்போனதில் ஆச்சரியமே இல்லை. அதற்காக உங்கள் திறமையைச் சந்தேகிக்காதீர்கள்.

இது உங்களுக்கு மட்டும் நேர்ந்ததல்ல. கனடாவில் மொன்றியால் அருகே செயின்ட் லாம்பர்ட் என்ற ஊரில் 1965இல் ஒரு பள்ளி முறை தொடங்கியது. வீட்டில் ஆங்கிலம் பேசும் குழந்தைகளுக்கு எல்லாப் பாடத்தையும் பிரெஞ்சிலேயே நடத்தினார்கள். பிறகு அது நாடு முழுக்கப் பரவியது. அப்படிப் பல வருடம் படித்த பிள்ளைகளை ஆராய்ந்த மெரில் ஸ்வெய்ன் என்ற மொழியியலாளர் 1985இல் வெளியிட்ட கட்டுரை மொழி ஆசிரியர்களை நிமிர்ந்து உட்கார வைத்தது. அந்தப் பிள்ளைகள் பிரெஞ்சைக் கேட்டுப் புரிந்துகொள்வதில் பிரெஞ்சுக்காரப் பிள்ளைகளுக்கு ஏறக்குறைய ஈடாக இருந்தார்கள். வாயைத் திறந்தால் இலக்கணம் தடுமாறியது. வகுப்பில் அவர்கள் கேட்டதே அதிகம், பேசியது குறைவு, பேசியதும் ஓரிரு சொல்லில் முடிந்தது, "இன்னும் சரியாகச் சொல்லு" என்று யாரும் அவர்களை நெருக்கவில்லை என்று ஸ்வெய்ன் காரணம் சொன்னார். நாள் முழுக்க பிரெஞ்சுக்குள்ளேயே இருந்த பிள்ளைகளுக்கே இந்தக் கதி என்றால், பஸ்ஸில் இயர்போன் வைத்துக் கேட்கும் உங்களுக்குச் சொல்லவா வேண்டும்?

கேட்கும்போது இலக்கணம் நமக்குப் பெரிதாகத் தேவைப்படுவதில்லை. நோயாளி, இரவு, வலி, மாத்திரை என்று நாலு சொல் காதில் விழுந்தால் போதும், என்ன நடந்திருக்கும் என்று ஐசியூவில் வேலை பார்த்த அனுபவம் மிச்சத்தை நிரப்பிவிடும். பேசும்போது அந்த மிச்சத்தை நீங்கள்தான் போட வேண்டும். வினை எங்கே வரும், எந்தத் துணைவினை, டேரா, டெம்மா, எல்லாவற்றையும் ஒரு நொடிக்குள் முடிவுசெய்தாக வேண்டும். செயலிப் பாடத்தில் பெரும்பாலும் விடை திரையிலேயே கிடக்கிறது, நீங்கள் பொறுக்கி அடுக்குகிறீர்கள். நரம்பு பார்த்து ஐவி போடுவதை எத்தனை வீடியோ பார்த்தாலும் கை பழகாது என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். பேச்சும் அப்படியே.

அதற்காகச் செயலியைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. சொற்களை மறக்காமல் வைத்திருக்க அது நல்ல துணை. ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் கொடுங்கள், அதற்கு மேல் வேண்டாம். தொடர்ச்சி அறுந்துவிடக் கூடாது என்று பத்து மணி நேர டியூட்டிக்குப் பிறகும் கண் எரிய எரிய அதைத் தட்டிக்கொண்டிருப்பவர்களை நான் நிறையப் பார்க்கிறேன். அந்த நேரம் உங்களுக்கு வேறு காரியத்துக்கு வேண்டும்.

எந்தக் காரியம் என்று ஒரு சம்பவத்தோடு சொல்கிறேன். என்னிடம் படித்த ஒரு நர்ஸ் இப்போது ஜெர்மனியில் வேலை பார்க்கிறார். இங்கே இருந்தபோது, ஓய்வுபெற்ற ஒரு ஜெர்மன் அம்மாவோடு சாட்டில் எழுதிப் பழகினார். ஒரு நாள், வார்டில் ஒரு பெரியவர் கட்டிலிலிருந்து விழுந்துவிட்டதை எழுதினார்: "டேர் பட்ஸியென்ட் ஹாட் கெஃபாலன்." அந்த அம்மாவிடமிருந்து உடனே பதில்: "யாருக்குப் பிடித்துப்போனது அவரை?" இவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. திரையை மேலே தள்ளித் தன் வரியையே திரும்பப் படித்தார். "ஹாட்" சேர்த்தால் அது பிடித்திருந்தது என்ற வேறு வினையாகிவிடும். விழுந்தார் என்பதற்கு "இஸ்ட் கெஃபாலன்" என்று வர வேண்டும். திருத்தி எழுதினார். கூடவே, எப்போது விழுந்தார், கட்டிலின் தடுப்பு ஏற்றியிருந்ததா, தலையில் அடிபட்டதா என்று அந்த அம்மா கேட்கக் கேட்க, இன்னும் நாலு வரி எழுத வேண்டியதாயிற்று. கடைசியில் பார்த்தால், விழுந்த நோயாளியைப் பற்றி ஒரு நர்ஸ் கொடுக்க வேண்டிய முழு ரிப்போர்ட்டையும் ஜெர்மனில் எழுதி முடித்திருந்தார்.

இதில் நீங்கள் கவனிக்க வேண்டியது, அந்த இலக்கண விதியை அவர் ஏற்கெனவே படித்திருந்தார், டெஸ்டில் சரியாகவும் எழுதியிருந்தார். விதி தெரிந்திருப்பது வேறு, ஒரு ஆளுக்குச் செய்தி போய்ச் சேரவில்லை என்று தெரிந்து அந்த விதியைத் தேடி எடுப்பது வேறு. அதற்குப் பிறகும் அவர் சில தடவை "ஹாட்" என்று ஆரம்பித்ததுண்டு. ஆனால் பாதியிலேயே நிறுத்தித் தானே திருத்திக்கொண்டார். தன் தவறு தெரிந்ததும் தானே திருத்திக்கொள்வதைத்தான் பி2 நிலையில் எதிர்பார்க்கிறார்கள்.

சாட்டில் எழுதினால் வாய் எப்படி வரும் என்று உங்களுக்குத் தோன்றும். நியாயமான சந்தேகம். அமெரிக்காவில் ஸ்பானிஷ் படித்த கல்லூரி மாணவர்களை வைத்து பெயின், விட்னி என்ற இருவர் 2002இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. வாரம் நான்கு வகுப்பில் ஒரு பிரிவினருக்கு இரண்டு வகுப்பு முழுவதும் கணினியில் சாட். தட்டச்சு மட்டும்தான், வாய்ப்பேச்சே கிடையாது. இன்னொரு பிரிவினருக்கு நான்கும் வழக்கமான நேர் வகுப்பு. பருவத் தொடக்கத்திலும் முடிவிலும் இரு பிரிவினருக்கும் வாய்மொழித் தேர்வு வைத்தார்கள். பேச்சில் அதிகம் முன்னேறியது சாட் செய்த பிரிவு. அதற்கு முன்பே, 1995இல், பெர்க்லியில் பிரெஞ்சு படித்த மாணவர்களை ஆராய்ந்த ரிச்சர்ட் கெர்ன், நேர் வகுப்பில் வாய் திறப்பதைவிட இரண்டு மடங்குக்கு மேல் கணினி உரையாடலில் அவர்கள் முறை எடுத்துப் பேசினார்கள் என்று காட்டினார். அதே கட்டுரையில், இலக்கணச் சுத்தம் இதனால் தானாக வந்துவிடாது என்றும் அவர் எச்சரித்தார். அது உண்மைதான். ஆனால் உங்கள் இப்போதைய சிக்கல் இலக்கணச் சுத்தம் அல்ல, வாக்கியம் கிளம்பவே மறுப்பது.

சாட்டில் நீங்கள் வாக்கியத்தை அந்த நேரத்திலேயே கட்டுகிறீர்கள். எதிரே ஆள் காத்திருக்கிறார், அதனால் கட்டுரை எழுதுவது போல அரை மணி நேரம் யோசிக்க முடியாது. அதே சமயம் பேச்சைப் போல ஒரு நொடியில் கொட்டவும் வேண்டாம், எழுதியது கண்ணெதிரே நிற்கிறது, அனுப்பும் முன் ஒரு முறை பார்க்கலாம். பேச்சுக்குத் தேவையான வேலை எல்லாம் அதில் நடக்கிறது, கொஞ்சம் நிதானமாக. எழுதுதலில் 64 எடுத்த உங்களுக்கு அங்கிருந்து தொடங்குவதுதான் சுலபம்.

ஆகவே முதல் சில வாரம் சாட். அடுத்து வாய்ஸ் நோட். உங்களைப் போன்ற டியூட்டிக்காரர்களுக்கு வாய்ஸ் நோட்டைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. ஜெர்மனி நமக்குக் கோடையில் மூன்றரை மணி நேரமும் குளிர்காலத்தில் நாலரை மணி நேரமும் பின்னால் இருக்கிறது. காலை 8 மணிக்கு நீங்கள் நைட் டியூட்டி முடித்து வெளியே வரும்போது அங்கே விடியக்கூட இல்லை. அந்த நேரத்தில் யாரையும் அழைக்க முடியாது, வாய்ஸ் நோட் அனுப்பலாம். அவர் எழுந்து கேட்டுப் பதில் அனுப்புவார், நீங்கள் தூங்கி எழுந்து கேட்பீர்கள்.

அதை எப்படிச் செய்வது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. எழுதி வைத்துப் படிக்காதீர்கள். ஒரு துண்டுத் தாளில் மூன்று சொல் மட்டும் குறித்துக்கொண்டு பேசுங்கள். நடுவில் தடுமாறினால் அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கக் கூடாது, அங்கேயே திருத்திக்கொண்டு மேலே போக வேண்டும், ஏனென்றால் தேர்வு அறையில் அழிக்கும் பொத்தான் கிடையாது. அப்புறம், ஒரே விஷயத்தை மூன்று பேருக்குச் சொல்லுங்கள். நியூசிலாந்தைச் சேர்ந்த பால் நேஷன் என்ற மொழிக்கல்வி அறிஞர் எழுத்தால் பரவலான ஒரு பயிற்சி இது. ஒரே கதையை முதல் ஆளிடம் நான்கு நிமிடம், இரண்டாம் ஆளிடம் மூன்று நிமிடம், மூன்றாம் ஆளிடம் இரண்டு நிமிடத்தில் சொல்ல வேண்டும். கேட்பவர் புதியவர் என்பதால் சொல்வதில் அலுப்பு வராது, நேரம் குறையக் குறைய நாக்கு தானாகத் திருந்தும். பி2 பேசுதலில் முதல் பகுதி ஏறக்குறைய நான்கு நிமிடப் பேச்சு என்பதையும் நினைவில் வையுங்கள்.

உங்கள் நோயாளிகளைப் பற்றிப் பேசும்போது பெயர், ஊர், படுக்கை எண், போட்டோ எதுவும் போகக் கூடாது. இங்கேயும் அது தவறு, ஜெர்மனியில் அது வேலையையே பறிக்கும்.

இப்போது உங்கள் பயத்துக்கு வருகிறேன். யாரோடு பேசுவது?

இரண்டு மொழிக்காரர்கள் ஆளுக்கொரு மொழியைக் கொடுத்து வாங்கும் முறைக்கு டேன்டம் என்று பெயர். 1990களில் ஜெர்மனியின் போஹும் பல்கலைக்கழகத்தில் ஹெல்முட் பிராமெர்ட்ஸ் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் மின்னஞ்சல் வழியாகப் பல நாட்டு மாணவர்களை இப்படிச் சேர்த்துவைத்தார்கள். பாதி நேரம் உன் மொழி, பாதி நேரம் என் மொழி. என்ன கற்க வேண்டும் என்பதை அவரவரே தீர்மானிக்க வேண்டும். இந்த இரண்டும்தான் அதன் அடிப்படை. இரண்டாவதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். உங்கள் துணைவர் ஆசிரியர் அல்ல. "இன்று ஷிஃப்ட் மாறும்போது ஹேண்டோவர் கொடுக்கப் பழக வேண்டும், நீங்கள் அடுத்த ஷிஃப்ட் நர்ஸாக இருந்து கேள்வி கேளுங்கள்" என்று நீங்கள்தான் கேட்டு வாங்க வேண்டும். ஒரு முறைக்கு இரண்டு மூன்று தவறுக்கு மேல் திருத்த வேண்டாம் என்றும் சொல்லிவிடுங்கள். எல்லாவற்றையும் திருத்தினால் பேச்சு செத்துவிடும்.

ஆள் தேட முன்பின் தெரியாதவர்களிடம்தான் போக வேண்டும் என்று இல்லை. ஈழத் தமிழர் குடும்பங்கள் 1980களிலிருந்து ஜெர்மனியில் வேரூன்றி வாழ்கின்றன. ஹம் நகரத்துக் காமாட்சி அம்பாள் கோயிலுக்கு 2002இல் குடமுழுக்கு நடந்தது, அதன் தேர்த் திருவிழாவுக்கு ஐரோப்பா முழுவதிலிருந்தும் தமிழர்கள் வருகிறார்கள். அங்கேயே பிறந்து வளர்ந்த பெண்களுக்கு ஜெர்மன்தான் பள்ளியின் மொழி, தோழிகளின் மொழி. அம்மா பேசும் தமிழ் புரியும், திருப்பிச் சொல்ல வாய் வராது என்று வருத்தப்படுபவர்கள் அவர்களில் நிறையப் பேர். உங்கள் குறையும் அவர்கள் குறையும் ஒன்று, மொழி மட்டும் இடம் மாறியிருக்கிறது. உங்களோடு படித்தவர்களில், உங்கள் மருத்துவமனையில் முன்பு வேலை பார்த்தவர்களில் யாராவது இப்போது ஜெர்மனியில் இருப்பார்கள். அவர்களிடம் கேட்டால் இப்படி ஒரு தங்கையையோ அக்காவையோ அறிமுகப்படுத்துவார்கள். வீட்டிலும் மறுப்பு வராது. ஒரே ஒரு எச்சரிக்கை: தமிழ் கிடைத்ததும் அதிலேயே உட்கார்ந்துவிடத் தோன்றும். பதினைந்து நிமிடம் ஜெர்மன், பதினைந்து நிமிடம் தமிழ் என்று போனில் அலாரம் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பதினைந்து நிமிடம் ஜெர்மன் அவருக்கு எளிது, அவருடைய பதினைந்து நிமிடம் தமிழ் அவருக்குக் கஷ்டம், அதை மதித்துப் பொறுமையாகக் கேளுங்கள்.

அது அமையும் வரை, உங்களைப் போலவே பேசுதல் தேர்வுக்குத் தயாராகும் இன்னொரு நர்ஸ் போதும். சேலத்தில் இருந்தாலும் சரி, நாகர்கோவிலில் இருந்தாலும் சரி, வீடியோ காலில் வாரம் இரண்டு முறை பேசுங்கள். "இரண்டு பேரும் தப்பாகப் பேசினால் தப்புதானே பழகும்?" என்று என்னிடம் கேட்காத மாணவர் இல்லை. வரோனிஸ், காஸ் என்ற இருவர் 1985லேயே இதை ஆராய்ந்திருக்கிறார்கள். அந்த மொழியைத் தாய்மொழியாகக் கொண்டவரோடு பேசும்போது இருப்பதைவிட, கற்பவர்கள் இருவர் பேசிக்கொள்ளும்போதுதான் "என்ன சொன்னீர்கள்? இதைத்தான் சொல்கிறீர்களா?" என்று நிறுத்திக் கேட்பது அதிகம். வெட்கமும் குறைவு. அதோடு பி2 பேசுதல் தேர்வே இன்னொரு தேர்வரோடு ஜோடியாக உட்கார்ந்து பேசுவதுதான். இரண்டாம் பகுதியில் ஒரு விஷயத்தைப் பற்றி இருவரும் விவாதிக்க வேண்டும். அதற்கு இதைவிட நல்ல ஒத்திகை கிடையாது.

டேன்டம், ஹலோடாக் போன்ற செயலிகளை அதன் பிறகு பாருங்கள். பெண்களோடு மட்டும் பேசும்படி அமைத்துக்கொள்ளும் வசதியைத் தேடிப் போட்டுக்கொள்ளுங்கள். போன் நம்பர், வேலை பார்க்கும் இடம், வீட்டுப் படம் எதையும் கொடுக்க வேண்டாம், பேச்சு செயலிக்குள்ளேயே நடக்கட்டும். இரண்டாவது நாளே அழகைப் பற்றிப் பேசுகிறவரையும், ஜெர்மனியில் வேலை வாங்கித் தருகிறேன், விசாவுக்குப் பணம் அனுப்பு என்கிறவரையும் யோசிக்காமல் பிளாக் செய்யுங்கள். அது மரியாதைக் குறைவு ஆகாது. வேலை விஷயம் எல்லாம் அரசில் பதிவுபெற்ற முகவர்கள் வழியாகவோ, தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் வழியாகவோ மட்டும் நடக்கட்டும்.

இன்னொன்று, செயலியில் எல்லோரும் "டூ" போட்டே பேசுவார்கள். நம் நீ, நீங்கள் போலத்தான் அங்கே "டூ", "ஸீ". வார்டில் நோயாளியிடம் "ஸீ" தான், எண்பது வயதுப் பாட்டியிடம் வாய் தவறி "டூ" வந்தால் முகம் சுருங்கும். ஆகவே நோயாளியாக நடிக்கச் சொல்லி "ஸீ" போட்டும் பழகுங்கள்.

வீடியோ பார்ப்பதை விட்டுவிட வேண்டாம், பார்க்கும் விதத்தை மாற்றுங்கள். நீங்கள் ஆங்கில சப்டைட்டில் வைத்துப் பார்க்கிறீர்கள் என்று நினைக்கிறேன், பெரும்பாலோர் அப்படித்தான். 2009இல் மிட்டரர், மெக்வீன் என்ற ஆய்வாளர்கள் நெதர்லாந்து மாணவர்களுக்கு ஸ்காட்லாந்து ஆங்கிலமும் ஆஸ்திரேலிய ஆங்கிலமும் பேசும் காட்சிகளைப் போட்டுக் காட்டினார்கள். ஆங்கில சப்டைட்டிலோடு பார்த்தவர்களுக்கு அதே குரல்கள் பேசிய புதிய வாக்கியங்கள் நன்றாகப் பிடிபட்டன. தங்கள் தாய்மொழியான டச்சு சப்டைட்டிலோடு பார்த்தவர்கள் புதிய வாக்கியங்களில் சப்டைட்டிலே இல்லாமல் பார்த்தவர்களைவிடப் பின்தங்கினார்கள். கண் படிப்பதும் காது கேட்பதும் ஒரே மொழியாக இருந்தால்தான் ஒலி மனதில் சொல்லோடு ஒட்டும். ஜெர்மன் வீடியோவுக்கு ஜெர்மன் சப்டைட்டில் போடுங்கள். டாய்ச்ச வெல்லேயின் "நிக்கோஸ் வேக்" தொடரை முடித்திருப்பீர்கள், அது பி1 வரைதான். "ஈஸி ஜெர்மன்" சேனலில் தெருவில் போகிறவர்களை நிறுத்திக் கேள்வி கேட்பார்கள், மைக்கில் வருவது செய்தி வாசிப்பவரின் ஜெர்மன் அல்ல, நாளை உங்கள் வார்டில் கேட்கப்போகும் ஜெர்மன். "ஐன் டாக் டாய்ச் இன் டேர் ஃப்ளேகே" என்று நர்ஸ்களுக்கென்றே ஓர் இலவசச் செயலி இருக்கிறது, டியூட்டியில் நடக்கும் உரையாடல்களை வைத்தே செய்தது. ஒவ்வொரு வீடியோவிலும் ஒரு கேள்வியில் நிறுத்தி, அவர் பதில் சொல்வதற்குள் நீங்கள் வாய்விட்டுப் பதில் சொல்லுங்கள். பஸ்ஸில் வேண்டாம், வீட்டில்.

செயற்கை நுண்ணறிவு சாட்பாட்டோடு பேசிப் பழகலாமா என்று அடுத்து கேட்பீர்கள். ஒத்திகைக்கு நல்லது, நள்ளிரவிலும் அலுக்காமல் பதில் சொல்லும், வாக்கியத்தை ஏன் திருத்தியது என்றும் விளக்கும். ஆனால் நீங்கள் அரைகுறையாக எதைச் சொன்னாலும் அது புரிந்துகொண்டுவிடுகிறது. காது மந்தமான ஒரு பவேரியப் பெரியவர் அப்படிப் புரிந்துகொள்ள மாட்டார். உங்களை நெருக்கிக் கேட்க ஒரு மனிதர் வேண்டும், சாட்பாட்டை அந்த மனிதரிடம் போவதற்கு முன் ஒரு முறை பயிற்சி பார்க்கும் இடமாக வைத்துக்கொள்ளுங்கள்.

பதில் மனதில் தமிழிலும் ஆங்கிலத்திலும் இருந்தது என்று எழுதியிருந்தீர்கள். நிறைய ஆசிரியர்கள் ஆங்கிலம் வழியாக ஜெர்மனுக்குப் போகச் சொல்வார்கள். எளிய வாக்கியத்துக்கு அது சரி. "வைல்" (ஏனென்றால்), "டாஸ்" (என்று) எனத் தொடங்கும் வாக்கியத்தில் வினை கடைசிக்குப் போய்விடும், அங்கே தமிழ்தான் கைகொடுக்கும். "எனக்கு இந்த வேலை பிடித்திருப்பதால்" என்பதில் வினை எங்கே நிற்கிறது பாருங்கள். இன்டர்வியூவில் "ஏன் ஜெர்மனிக்கு வர விரும்புகிறீர்கள்?" என்ற கேள்வி வராமல் இருக்காது, அதற்குப் பதிலே "வைல்" வாக்கியம்தான். தமிழ் வரிசையிலேயே யோசியுங்கள்.

இன்டர்வியூவில் உங்களைக் கவிழ்த்தது அந்த "யா, யா" என்றுதான் நான் நினைக்கிறேன். நமக்குப் பெரியவர்களிடம் திருப்பிக் கேட்பது மரியாதைக் குறைவு என்று பழக்கிவிட்டார்கள். ஜெர்மன் வார்டில் புரியாமல் தலையாட்டும் நர்ஸைக் கண்டால்தான் பயம், டோஸ் மாறினால் உயிர் போகும். திரும்பக் கேட்பவரை நம்புவார்கள். ஐரோப்பிய மொழி அளவுகோலும் திரும்பக் கேட்டு உறுதிசெய்வதை ஒரு திறமையாகவே கணக்கில் எடுக்கிறது. "அதை ஒரு முறை திரும்பச் சொல்ல முடியுமா?", "நீங்கள் கேட்பது இதையா?", "ஒரு நொடி, சொல்லைத் தேடுகிறேன்" என்ற மூன்றையும் ஜெர்மனில் வாய்க்குப் பழக்கி வையுங்கள். ஒவ்வொரு சாட்டிலும் ஒவ்வொரு காலிலும் ஒன்றையாவது வேண்டுமென்றே பயன்படுத்துங்கள். வீடியோ காலில் குரல் ஒரு கணம் பிந்தி வரும், அதனால் நடுவில் மௌனம் விழுந்தால் பதறாதீர்கள், அந்தப் பக்கத்திலும் அதே மௌனம்தான்.

உங்கள் அண்ணன் சொல்வதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. திருத்தும் ஆசிரியர் ஒருவர் வேண்டும். ஆனால் சென்னையில் அறை எடுத்துத் தங்கினாலும், இருபத்தைந்து பேர் உட்காரும் ஒரு மணி நேர வகுப்பில் ஆசிரியரே வாய் திறக்காமல் இருந்தாலும் உங்கள் பங்குக்கு இரண்டரை நிமிடம்கூட வராது. நான்கைந்து பேர் மட்டும் உள்ள ஆன்லைன் பேச்சு வகுப்பு ஒன்றில், ஷிஃப்டுக்கு ஏற்ப நேரம் மாற்றிக்கொள்ள முடிந்தால், சேருங்கள். பணம் கட்டும் முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "ஒரு வகுப்பில் நான் எத்தனை நிமிடம் பேசுவேன்?" நேராகப் பதில் சொல்லாத இடத்தில் சேர வேண்டாம்.

தேர்வுக்கு உடனே தேதி எடுக்காதீர்கள். கால் மணி நேரம் ஜெர்மனில் ஒருவரோடு விவாதித்து, நடுவில் ஆங்கிலத்துக்குத் தாவாமல் முடிக்க முடிகிறதா என்று பாருங்கள். ஒரே ஆளோடு அல்ல, மூன்று வெவ்வேறு ஆட்களோடு. முடிந்த வாரத்தில் பதிவு செய்யுங்கள். பதிவு செய்த அன்றே அந்த மருத்துவமனை அம்மாவுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். மூன்று பகுதியில் தேறியதையும், பேசுதல் தேர்வு எந்தத் தேதி என்பதையும் சொல்லி, மறுபடி ஒரு முறை பேச வாய்ப்புக் கிடைக்குமா என்று கேளுங்கள். "பிறகு தொடர்புகொள்கிறோம்" என்றுதானே சொன்னார்கள், வேண்டாம் என்று சொல்லவில்லையே. அந்த மின்னஞ்சலை மொழிபெயர்ப்புச் செயலியிடம் கொடுக்காமல் நீங்களே எழுதுங்கள். எழுதுதலில் 64 எடுத்தவரின் ஜெர்மன் அதற்குத் தாராளமாகப் போதும்.